கொலம்பைன் விதை கறுக்கும் வரை

சலவைக் கடையில் துணிகளில் கறை எடுப்பது அவள் வேலை. அங்கே அவளுக்கு வைத்த பெயர் 'ஒருவேளை அக்கா'. "ஒருவேளை சாயம் போயிடுச்சுன்னா? ஒருவேளை பட்டன் உருகிடுச்சுன்னா?" என்று கேட்காமல் அவள் ஒரு துணியைத் தொட்டதில்லை. கவலைப்பட ஒன்றும் இல்லையே என்பதற்கும் கவலைப்படுகிற பிறவி. ஆனால் இந்த முறை அவள் கவலைக்கு நியாயமான காரணம் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடம் மழை வந்தால் சேறாகிவிடும். இரண்டு தடவை வழுக்கி விழுந்த கணவர், முழுக்கச் சிமெண்ட் தளம் போட ஆள் பேசிவிட்டார். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். அங்கேதான், தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில், கொலம்பைன் என்கிற வெளிநாட்டுப் பூச்செடி ஒன்றே ஒன்று நின்றது. மகள் விதைத்தது.

மகள் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி இரண்டு வருடம் ஆகிறது. போவதற்கு முந்தின மாதம் அவள் தூவிய விதை போன வருடம் இலையோடு நின்று, இந்த வருடம்தான் பூத்தது. தலை குனிந்த ஊதாப் பூ, முதுகுப் பக்கம் ஐந்து வால். பொட்டலத்தில் மிச்சமிருந்த விதைகளை இவள் போன வருடமே விதைத்துப் பார்த்தாள். ஒருவேளை குருவி தின்றுவிட்டால் என்று பயந்து, விரல் ஆழத்துக்கு மண்ணைப் போட்டு அமுக்கினாள். வெளிச்சம் பட்டால்தானே அது முளைக்கும்! ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. பெயர்த்து நடவும் வழியில்லை. ஆணிவேர் அறுந்தால் செடி போய்விடும் என்று நாற்றுக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

ஆக, இந்தச் செடியின் காய்கள் முற்றி விதை கறுத்தால் உண்டு, இல்லையென்றால் ஒன்றுமில்லை. சிதறிவிடாமல் இருக்க ஒவ்வொரு காய்க்கும் மெல்லிய துணிப்பை தைத்துக் கட்டினாள். காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து வந்து மூன்று தடவை திறந்து பார்த்தாள். சனிக்கிழமை ஒரு காயைப் பிளந்தபோது உள்ளே பச்சை விதை. இன்னும் பத்து நாளாவது வேண்டும்.

கணவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து மகள் பேச்சு ஒரு தடவைகூட வந்ததில்லை. யார் வைத்த செடி என்று தெரிந்தால் அவரே பிடுங்கி எறிந்துவிடுவாரோ? சொன்னால் கையால் போகும், சொல்லாவிட்டால் சிமெண்டால் போகும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லைங்க. தலைவலி."

திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள். கொத்தனார் மணலைக் கொட்டி, கயிறு கட்டி, மண்வெட்டியோடு குழாய்ப் பக்கம் வந்தார். அவள் செடிக்கு முன்னால் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்சம் எந்திரிங்கம்மா. மட்டம் பாக்கணும்."

"இன்னிக்கு வேணாம். பத்து நாள் கழிச்சு வாங்க."

"விளையாடுறீங்களா? கலவை போட ஆள் வந்தாச்சு. சார், இங்க வந்து பாருங்க!"

கணவர் வந்தார். அவளைப் பார்த்தார், துணிப்பை கட்டிய காய்களைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"அந்தச் செடிய விட்டுட்டுப் போடுங்க. எம் பொண்ணு வச்சது."

அவளுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சரி சார். எவ்வளவு இடம் விடணும்?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். போதாது என்று தோன்றியதோ என்னவோ, இன்னும் அகலமாக விரித்தார்.

"இவ்வளவுக்கு எதுக்கு சார்? செடி ஒரு சாண்தானே இருக்கு?"

"அவ வந்தா உக்காந்து பாக்க வேணாமா?"