முதல் பெயர் இல்லாத மனு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனி ஆபீஸின் ஜன்னலுக்கு வெளியே மாட்டுவண்டிக்காரர் சுடலை வந்து நின்றார். தலைத்துண்டு கையில் இருந்தது. "சார், ஞானமுத்து அண்ணாச்சி போயிட்டாவ" என்றார். சட்டென்று எழுந்துவிட்டேன். நான் உட்கார்ந்திருந்தது ஒரு காலத்தில் ஞானமுத்து அவர்களின் நாற்காலி. அன்று திரும்ப அதில் உட்கார என்னால் முடியவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாசரேத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். யுத்தம் நடந்த வருஷங்களில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் வேலைக்கு நடந்து போவோம். அப்பப்பா, அவரோடு நடப்பது பெரிய பாடு! கிட்டங்கி என்கிற சரக்குக் கிடங்குகளிலிருந்து துறைமுகத்துக்குப் பஞ்சுப் பொதியும் உப்பு மூட்டையும் ஏற்றிப் போகும் வண்டி ஒவ்வொன்றையும் நிறுத்தி, நுகத்தடியைத் தூக்கி மாட்டின் கழுத்தைப் பார்ப்பார்.

"அண்ணாச்சி, நேரமாச்சு, வாரும்" என்று பல்லைக் கடிப்பேன்.

"அது வாய் தெறந்து சொல்லுமா வேய்? பாக்கிறவன்தான் சொல்லணும்" என்பார்.

ஒருநாள் சுடலையின் மாட்டுக் கழுத்தில் புண் சீழ் பிடித்து ஈ மொய்ப்பதைப் பார்த்தார். அன்றைக்கே போலீஸுக்கு எழுதிப் போட்டார். சுடலைக்கு அபராதம், வண்டியும் முடங்கியது. அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். நாலாம் நாள் சுடலையின் மனைவி பேச்சி, இடுப்பில் பிள்ளையோடு ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"மாட்டுக்கு எரக்கப்பட்டிய, நல்லா இருங்க. எங்களப் பாத்தியளா? மூட்டைய ஏத்துனது எம் புருசனா? கிட்டங்கி மேஸ்திரில்லா ஏத்துதான்! கொறச்சி ஏத்துன்னு சொன்னா, நாளைக்கு வராதங்கான். மாடும் வாயில்லாச் சீவன், எம் புருசனும் வாயில்லாச் சீவன்."

அண்ணாச்சி ஏதாவது சட்டம் பேசுவார் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டு, "தப்புப் பண்ணிட்டேன் தாயி" என்றார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் வேப்பெண்ணெயோடு சுடலை வீட்டுக்குப் போய், புண்ணுக்குத் தானே மருந்து போட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம், ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் வண்டிகளுக்குப் பின்னால் நடந்தார். உச்சி வெயிலில் தார் உருகும் ரோட்டில் மாட்டின் குளம்பும் ஆளின் பாதமும் ஒன்றாகவே வெந்ததைப் பார்த்தார். பிறகு நகரசபைக்கு ஒரு மனு அடித்தார். வெயில் காலத்தில் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை வண்டிகளுக்கு ஓய்வு வேண்டும். ரயில்வே கேட் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டும். வண்டிப் பாரத்துக்கு ஓர் அளவு வேண்டும்.

"எதுக்கு அண்ணாச்சி எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டுதீரு?" என்று கேட்டேன்.

"மாட்டுக்கும் ஆளுக்கும் ஒரே மனுதான். பிரிச்சா ரெண்டும் தோத்துரும்."

வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் சம்மதம். ஆனால் முதல் கைநாட்டு வைக்கத்தான் ஒருவரும் இல்லை. முதல் பெயர்க்காரனுக்கு மறுநாள் லோடு கிடைக்காது. காகிதம் ஒரு வாரம் சும்மா கிடந்தது. அண்ணாச்சி என் சாப்பாட்டுத் தூக்கின் மூடியை வாங்கி, மனுவின் அடியில் கவிழ்த்து, சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

"இந்த வட்டத்து மேல வரிசையா வைங்க. மொதல் ஆளு யாருன்னு எவன் கண்டுபிடிக்கான், பாப்போம்!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வட்டம் நிறையப் பெருவிரல் ரேகைகள் விழுந்தன. நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரிந்த அண்ணாச்சியும் நடுவில் ஓரிடத்தில் தம் விரலையே பதித்தார். பிறகு மைப்பெட்டியை என் பக்கம் நீட்டினார். "எனக்கு நாலு பிள்ளைகள்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரி வேய், மூடி உம்முடையதுதான? அதுவும் ஒரு சகாயம்தான்" என்றார். அவர் திட்டியிருக்கலாம், நான் அதோடு மறந்திருப்பேன்.

மனு எப்படியோ எங்கள் மேனேஜர் கைக்கு வந்தது. முதல் ஆள் யாரென்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஆபீஸ் டைப் மிஷினில் ஓர் எழுத்து மட்டும் வரியை விட்டுக் கொஞ்சம் மேலேறி விழும். மனுவிலும் அதை அவர் கண்டுகொண்டார். அண்ணாச்சிக்கு அந்த வாரமே வேலை போயிற்று. நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

அவர் ஓய்ந்துவிடவில்லை. கவுன்சிலர்கள் வீடுகளுக்கு நடந்தார், வியாபாரிகளிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பேசினார், பதில் வராத கடிதத்துக்கு மறு கடிதம் போட்டார். இரண்டு கோடை கழிந்தபின் மத்தியான ஓய்வுக்கு உத்தரவு வந்தது, தொட்டியும் வந்தது. பாரத்தின் அளவு மட்டும் வரவில்லை. அதற்கான புது மனுவைக் கையால் எழுதி முடித்த நிலையில்தான் காலமானார்.

கடும் வெயில், உடலை வைத்திருக்க முடியாது. குருவானவரும் பிற்பகல் ரயிலைப் பிடிக்க வேண்டும். அதனால் அடக்கத்தை அன்றே மத்தியானம் ஒரு மணிக்கு வைத்தார்கள். கல்லறைத் தோட்டமோ தூரம். பெட்டியை ஏற்றிய வண்டியில் மாடு பூட்டாமலே நின்றார் சுடலை. "ஒரு நாள்தானே, பூட்டுப்பா" என்றார் வந்திருந்த ஒரு வியாபாரி.

"இது அண்ணாச்சி வாங்கிக் குடுத்த நேரம் சார். அவியளுக்காவ அதையே ஒடைக்கதா?" என்றார் சுடலை.

வண்டிக்காரர்களே நுகத்தடியில் தோள் கொடுத்தார்கள். நானும் கோட்டைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். "ஒங்களுக்குப் பழக்கமில்ல சார்" என்றார் சுடலை. "கொஞ்சம் தள்ளிக்கிடும்" என்றேன். ரயில்வே கேட் அருகே தொட்டியில் மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் இழுத்துக்கொண்டு போனோம்.

அண்ணாச்சி, உம்முடைய கடைசி மனுவை நேற்று நான் டைப் அடித்தேன். அதே மூடியை வைத்து வட்டம் போட்டேன். மையை முதலில் தொட்டவன் நான்தான். அடித்தது ஆபீஸ் மிஷினில். அந்த ஓர் எழுத்து இன்னும் மேலேறித்தான் விழுகிறது. விழட்டும். நீர் நிம்மதியாகப் போய் வாரும்.