தீப்பிடிக்காத கற்பூரம்

என் கணவர் முருகேசன் ஆறு மாதமாகத் தூங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தார். கேட்டால், "லாரி வேலைன்னா அப்படித்தான் லா" என்பார். எங்கள் மகள் அவர் பக்கம் போகவே பயந்தாள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நம்பினேன். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன், தாயத்து கட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

தம்போய் ஊரில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால், மரத்தடியில் முனியாண்டி கோயில். கூட்டி விளக்கேற்றுவது நான்தான். தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை அங்கே நின்று கதறினேன்.

"ஐயா, என் புருஷனப் பிடிச்சிருக்கிறது எதுன்னு என் கண்ணுல காட்டு!"

சாமிக்கு வைக்கும் சுருட்டு டப்பாவைத் திறந்தால், சின்னப் பிளாஸ்டிக் பை. உள்ளே வெள்ளைக் கட்டிகள். யாரோ வைத்த கற்பூரம் என்று தட்டில் கொட்டிப் பற்றவைத்தேன். பற்றவில்லை. உருகித் தண்ணீராக ஓடியது. மருந்து நெடி அடித்தது. அட கடவுளே, பேப்பரில் படம் போடுவார்களே, சியாபு! போதைப்பொருள்!

பின்னால் செருப்புச் சத்தம். வாராவாரம் சுருட்டு வாங்கி வைக்கும் ரவி. நல்ல பக்திமான் என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

"டப்பாவுல இருந்தத யாரு எடுத்தா, அக்கா?"

"சாமிக்கு ஏத்திட்டேன், தம்பி."

தட்டைப் பார்த்தான். சிரித்தான்.

"பாப்பாவோட ஸ்கூல் வேன் மஞ்சக் கலருதானே, அக்கா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் வந்தார். என்னைக் கவனிக்காமல் நேராகச் சுருட்டு டப்பாவைத் திறந்தார். காலி. ஐயா காட்டிவிட்டார்.

"இதையா தேடுறீங்க?" தட்டை நீட்டினேன்.

வெடுக்கென்று பிடுங்கி, ஒட்டியிருந்ததை விரலால் சுரண்டினார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

"என்னால விட முடியல, சரசு. என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடு."

மறுநாளே மறுவாழ்வு மையத்தில் சேர்த்தேன். போலீசில் புகார் கொடுத்தேன். ரவியைப் பிடித்தார்கள். சிகிச்சை முடிந்து என் கணவர் இப்போது வீட்டில் இருக்கிறார். குறட்டை விட்டுத் தூங்குகிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுகிறேன்.

ஆனால் போன வாரம் டப்பாவில் மறுபடி ஒரு பை. இது வேறு யாரோ வைத்தது. பயமில்லை என்று சொன்னால் பொய். பிளாட் பெண்கள் ஆறு பேர் முறை போட்டுக் கோயிலைக் காக்கிறோம். மகளை வேனில் அனுப்புவதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் தூங்காமல் இருந்தால் தாயத்துக்கு ஓடாதீர்கள். "காட்டு" என்று ஐயாவிடம் கேளுங்கள். நிச்சயம் காட்டுவார். அதைப் பார்க்கும் தைரியத்தையும் சேர்த்தே கேளுங்கள்.