தம்பி வீட்டுப் பக்கம் இறங்கிய பாலம்

எங்கள் தெருவில் அவளுக்கு 'மைக் அக்கா' என்று பெயர். தையல் மிஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே அந்தத் தொண்டை வந்துவிட்டது. கணவனுக்கு நெஞ்சுவலி வந்த நாளில் படகு அக்கரையில் நின்றது. அது வந்து சேர்வதற்குள், ஆற்றங்கரையில் அவள் மடியிலேயே அவன் மூச்சு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு, பாலம் கேட்டு அவள் ஏறாத ஆபீஸ் இல்லை.

ஒருவழியாக அதிகாரிகள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கூட்டி, பெஞ்சின் மேல் வரைபடத்தை விரித்தார்கள்.

"உங்களக் கேக்காம ஒரு கல்லுகூட நட மாட்டோம்" என்றார் இன்ஜினியர்.

பாலம் இறங்க இரண்டு வழிகள். ஒன்றில் பள்ளிக்கூடம் போகும். இன்னொன்றில் எங்கள் தெருவில் ஒரு வரிசை வீடுகள் போகும். எந்த வரிசை என்பது மண்ணைச் சோதித்த பிறகுதான் தெரியும்.

"புள்ளைங்க எங்க போவாங்க? வீட்ட வேற எடத்துல கட்டிக்கலாம். மொதல்ல என் வீட்டையே எடுங்க" என்றாள் அக்கா.

கைகள் உயர்ந்தன. எதிர்வீட்டில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்த அவள் தம்பி, அக்கா முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தானும் கை தூக்கினான்.

கடைசி வரைபடத்தில் தம்பியின் வரிசை முழுதும் போனது. அக்காவின் வரிசை தப்பியது.

"முன்னாடியே பேசி முடிச்சுட்டுத்தான் எங்களக் கை தூக்க வச்சியா?" நடுத்தெருவில் நின்று கேட்டான் தம்பி.

"என்னடா பேசுற? உன்ன இடுப்புல தூக்கி வளத்தவடா நான்."

"அதனாலதான் நம்புனேன்."

அன்றே இன்ஜினியரிடம் ஓடினாள். "சார், என் வீட்ட எடுத்துக்குங்க. அவன விட்டுடுங்க."

"உங்க பக்கம் மண்ணு தாங்காதும்மா. நாங்க என்ன செய்ய முடியும்?"

"அப்ப எங்கள எதுக்கு சார் கேட்டீங்க?"

அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

தன் வீட்டுச் சாவியைத் தம்பியிடம் நீட்டினாள், அவன் வாங்கவில்லை. குடும்பத்தோடு அக்கரைக்குக் குடிபோனான்.

பாலம் திறந்ததும் அக்கா நடந்தே போனாள். வாசலில் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"என்ன வேணும்?" என்றான், யாரோ வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல.

தம்பி மனைவிதான் உள்ளேயிருந்து ஓடிவந்து, "வாங்க அண்ணி, உக்காருங்க" என்று ஸ்டூலைப் போட்டாள். அவன் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு அக்கா எழுந்து வந்தாள்.

இப்போதும் அவ்வப்போது போய் வருகிறாள். அவன் பேசினானா என்று ஒருநாள் கேட்டேன்.

"பேசுவான். என் தம்பிதானே" என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி. நூல் நுழையவே இல்லை. நான்தான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.