ஹாலுக்குப் போன தலையணை

கர்ப்பப்பை வாயில் வந்த புற்றுநோய்க்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு முடித்துக்கொண்டு, குத்தாலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். அன்றே என் வீட்டுக்காரர் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். "நீ நல்லா காலை நீட்டிப் படு" என்றார். கரிசனம் என்றுதான் நினைத்தேன். வயலில் குறுவை அறுத்து, தாளடி நட்டு, அதுவும் கதிர் வாங்கிவிட்டது. தலையணை ஹாலிலேயே கிடந்தது. கரிசனத்துக்கும் ஓர் அளவு உண்டு. என்னைக் கண்டால் அருவருப்பாக இருக்கிறது போல என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மற்றபடி குறை சொல்ல முடியாது. கஞ்சி வைத்துக் கொடுப்பார், வேளை தவறாமல் மாத்திரை எடுத்து நீட்டுவார். விரல் மட்டும் மேலே படாது. நான் கோபக்காரிதான், ஆனால் இதை எந்த வாயால் கேட்பது? பேரன் எடுத்தவளுக்கு இதெல்லாம் ஒரு குறையா என்று ஊர் கேட்கும். எனக்குக் குறையாகத்தான் இருந்தது.

செக்கப்புக்குப் போனால் டாக்டர் என்னைக் கேட்பார், பதிலை இவர் சொல்வார். "நல்லா இருக்காங்க டாக்டர், நல்லா சாப்பிடுறாங்க." ஒருமுறை புதிதாக வந்திருந்த பெண் டாக்டர், "கொஞ்சம் வெளியில இருங்க சார்" என்று இவரை அனுப்பிவிட்டு நேராகவே கேட்டார்: "வீட்டுக்காரரோட சேர்ந்து இருக்கீங்களாம்மா?"

அழுதுவிட்டேன். கதிர்வீச்சுக்குப் பிறகு அந்த இடம் வறண்டு சுருங்குவது பலருக்கும் உள்ளதுதான் என்றார். நோய் அவருக்குத் தொற்றாது, சேர்ந்து இருப்பதால் திரும்பி வரவும் செய்யாது என்றார். தடவ ஒரு ஜெல்லும், விரல் பருமனில் வழவழப்பான ஒரு குழாயும் கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வைத்துப் பழகும் விதத்தையும் சொல்லித் தந்தார்.

அதைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்தேன். அவர் வயலுக்குப் போன பிற்பகல்களில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பழகினேன். முதலில் எரிந்தது. யாருக்காக இந்தப் பாடு என்று ஆத்திரமும் வந்தது. போகப் போக வலி குறைந்தது; என் உடம்பு மறுபடி என்னுடையதாயிற்று என்று தோன்றியது.

அதற்குள் அவருக்கு அறுபது முடிகிற நேரம் வந்துவிட்டது. திருக்கடையூரில் மறுபடி தாலி கட்டுவது பற்றி வீட்டில் பேச்சு நடந்தபோது என் நாத்தனார், "அண்ணி, அன்னிக்கு ராத்திரி பால் சொம்பு உண்டா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே அவர் வந்தார்.

"ஹால்ல படுக்கிற மனுசன் கையால எனக்கு எதுக்குங்க இன்னொரு தாலி?" என்றேன்.

அவர் ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அம்பாள்கிட்ட வேண்டிக்கிட்டேன். உன்ன உசுரோட கொடுத்துட்டா, அறுபதாம் கல்யாணம் முடியிற வரைக்கும் உன்னைத் தொடமாட்டேன்னு. வெளியில சொன்னா பலிக்காதேன்னு…"

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. "மொட்டை போடுறேன்னு வேண்டிக்க வேண்டியதுதானே? என் உடம்பையும் சேர்த்து வேண்டிக்க யாருங்க சொன்னா?"

"மொட்டை போட முடி எங்க இருக்கு?" என்று வழுக்கையைத் தடவினார். வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. கையோடு அவரை அறைக்குக் கூட்டிப்போய், புடவைக்கு அடியில் இருந்ததை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். "தனியா இவ்வளவு பட்டிருக்கியே" என்றார்.

திருக்கடையூரில் முடிச்சுப் போடும்போது அவர் விரல்கள் என் பின்கழுத்தில் பட்டன. வீட்டுக்கு வந்ததும், சொந்தக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, ஹாலில் கிடந்த தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு அறைக்குள் போனார்.

நாங்கள் அவசரப்படவில்லை. சில நாட்கள் கையைப் பிடித்துக்கொண்டு படுத்ததோடு சரி. பிறகு ஒரு நாள், "வலிக்குதா? வலிக்குதா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வலிச்சா நானே சொல்றேன்" என்றேன். "நீங்களும் இனிமே அம்பாள்கிட்ட கேக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட கேளுங்க."