பசை காயாத பக்கங்கள்

அடையாறில் பேருந்துக்கு நின்றிருந்தேன். சுவரொட்டி ஒட்டுகிறவரின் வாளியிலிருந்து காய்ச்சிய மைதாப் பசையின் வாசனை. புளித்தது, ஈரமானது. பேருந்து வந்தது, போனது. நான் மயிலாப்பூரில் இருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில், பத்தொன்பது வயதில், விரலெல்லாம் பசையோடு.

ஐந்து குடித்தனங்கள், ஒரே கிணறு, ஒரே வாரப் பத்திரிகை. முறை வைத்துப் படிப்போம். எல்லா வீடும் படித்த பிறகு தொடர்கதைப் பக்கங்களை நான் கத்தரித்து, முந்தைய வாரங்களோடு ஒட்டிச் சேர்ப்பேன்.

அந்தத் தொடரின் நாயகி கர்ப்பிணி. எதிர்ப் போர்ஷன் அக்காவும். திருநெல்வேலிக்காரி, கணவர் தி. நகரில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. கதை நாயகிக்கு வாந்தி என்றால் இவளுக்கும் வாந்தி. "அவளுக்கு நல்லபடியா ஆனா எனக்கும் ஆவும்" என்பாள். எழுதியவருக்கு இப்படியொருத்தி இருப்பதே தெரியாது.

நாயகியை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். தொடரும்.

அடுத்த வாரம் அக்காவுக்கு வளைகாப்பு. அந்த அமளியில் முறை குலைந்தது. அவள் படித்துவிட்டாள் என்றெண்ணிக் கத்தரி வைத்துவிட்டேன். சமையல் குறிப்பு பிடிக்குமே என்று மிச்ச இதழை அவள் ஜன்னலில் வைத்தேன்.

மறுநாள் மாலை அவளுக்கு ஊருக்கு ரயில். மதியம் அண்ணாச்சி வந்து நின்றார், அவள் கணவர்.

"ஏம்மா, காலையிலருந்து பச்சத்தண்ணி தொடல. ஊருக்கே வரமாட்டேங்கா. அந்தப் பொம்பள செத்துட்டாளாம்லா!"

"யாரு?"

"கதையில வாரவதான்! நா வேட்டி விக்கவன், எனக்கு என்ன தெரியும்?"

ஓடினேன். பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அக்கா, அவ பொழைச்சுட்டா. பொம்பளப் புள்ள."

"அவ செத்தது எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானட்டி பக்கத்தக் கிழிச்ச?"

"சத்தியமா இல்லக்கா."

"கெட்ட சேதிய மறைக்க எங்கம்மயும் இப்படித்தான் சத்தியம் பண்ணுவா. அச்சுல காட்டு."

என் வாய், என் கண், என் சத்தியம், எதுவும் அவளிடம் செல்லுபடியாகவில்லை. குழவிக்கல்லின் அடியில் காய்ந்துகொண்டிருந்த தொடரை அப்படியே அள்ளி வந்தேன். கடைசிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஊதி ஊதிப் பிரித்தேன். கிழிந்துவிடாதே, கிழிந்துவிடாதே. புது வளையல் குலுங்க, வரி வரியாக விரல் வைத்து வந்தாள். தாயும் சேயும் நலம் என்று டாக்டர் சொல்லும் இடத்தில் விரல் நின்றது. இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். அழுதாள், சிரித்தாள்.

"ஏங்க, பசிக்கி."

அண்ணாச்சி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்த எழுத்தாளரு மட்டும் நம்ம கடைக்கு வந்தா, ஒரு பட்டு வேட்டி சும்மாவே குடுப்பேன்."

அச்சுக்கு ஒரு மனுஷியின் மேல் இத்தனை பிடியா என்று பின்னாளில் எரிச்சல்பட்டதுண்டு. அன்றைக்கு இல்லை. அன்றைக்கு அவள் நான்கு இட்லி தின்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாலை, ஸ்டேஷனுக்கு டாக்சி கிளம்பியது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"ஏட்டி, அடுத்த வாரத்தக் கத்தரிக்காம தபால்ல போடு. புள்ளைக்கு என்ன பேரு வைக்கான்னு பாக்கணும்லா!"