அஞ்சலையின் நாலு எழுத்து

போன மாதம் விழுப்புரத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி. ஆசிரியர்கள் நாற்பது பேரை ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் உட்கார வைத்து, என் மகள் வயதில் ஒரு பெண் மடிக்கணினியைத் தட்டித் தட்டிப் பேசினாள். விளையாட்டு வழியாகக் கற்பிப்பது. புத்தம் புதிய முறை என்றாள். பிறகு எழுத்து அட்டை வெட்டி ஒட்டச் சொன்னாள். பக்கத்திலிருந்த கணக்கு டீச்சர் பசை டப்பாவைத் திறந்தார். அதற்கப்புறம் அந்தப் பெண் பேசிய எதுவும் என் காதில் விழவில்லை.

கடைப் பசைக்குப் பெரிதாக வாசனை கிடையாது. நாங்கள் காய்ச்சிய பசைக்கு உண்டு. மைதா மாவு, தண்ணீர், பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். கொதிக்கும்போது பலகாரமும் விஷமும் கலந்தாற்போல ஒரு வாடை வரும். அம்மா அந்தச் சட்டியை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள். கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்துக் காய்ச்சி, பழைய காலண்டர் தாள்களை ஒட்டி அட்டையாக்கி, எழுத்து எழுதி வெட்டுவேன். விழுப்புரம் தனி மாவட்டமான புதிது அது. எனக்கு இருபத்தொரு வயது. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, திண்டிவனத்தில் எங்கள் தெருவின் நிரந்தர வேலையில்லாதவளாக இருந்தேன். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் இயக்கம் ஒன்றுக்கு ஊர் ஊராகத் தொண்டர்களைச் சேர்த்தார்கள். சம்பளமில்லை. வீட்டிலிருந்து வெளியே போக ஒரு காரணம் கிடைத்ததே என்று சேர்ந்துவிட்டேன். இலட்சியம் கிலட்சியம் எல்லாம் பிறகு சொல்லிக்கொண்டதுதான்.

நெடுஞ்சாலையை ஒட்டி, சைக்கிளில் அரை மணி நேர தூரத்தில் ஒரு காலனி. கூலி வேலைக்குப் போகிற பெண்கள் முப்பத்திரண்டு பேர். மூன்று மணிக்கு வேலைவிட்டு வந்து நெல் காயவைக்கிற சிமெண்டுக் களத்தில் உட்காருவார்கள். நான் புத்தகத்தைப் பிரித்து 'அ' என்பேன். கால் மணி நேரத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். என் குரலுக்கு அப்படி ஒரு சக்தி. இன்றைக்கும் குறையவில்லை என்று என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

நாலாவது நாள், நிலக்கடலை பிடுங்கிவிட்டு வந்த ஒருத்தி கொட்டாவியை மறைக்காமலே கேட்டாள். "டீச்சரு, கோவிச்சுக்காத. காலைலேர்ந்து மல்லாட்ட புடுங்கிக்கினு இருந்தோம். குந்துனா கண்ணு சொருவுது. நிக்க வச்சி எதுனா பண்ணு."

அவள்தான் அஞ்சலை. முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இறந்து ஒரு வருஷம். ஒரே பெண் குழந்தை. ரோட்டை ஒட்டி நாற்பது சென்ட் மேட்டு நிலம் புருஷன் பேரில் இருந்தது. அந்தக் காலனியில் சொந்த நிலம் என்றிருந்தது மூன்று வீட்டுக்குத்தான்.

மறுநாள் களத்தில் சுண்ணாம்பால் பாண்டிக் கட்டம் போட்டேன். கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஓட்டுச் சில்லை எறிந்து, அது விழுந்த எழுத்தைச் சொல்லி, அதில் தொடங்குகிற ஒரு வார்த்தையும் சொன்னால்தான் நொண்டலாம். முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. அஞ்சலை அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். சில்லு 'க'வில் விழுந்தது.

"க... கேப்ப!"

"அது 'கே' அக்கா."

"எதுவா இருந்தா என்னா, கேப்ப கேப்பதான்" என்று நொண்டியே போய்விட்டாள். களமே சிரித்தது. அதன் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நாற்பது வயதுப் பெண்கள் கோட்டை மிதித்தாயா இல்லையா என்று சண்டை போட்டார்கள். நானும் ஆடினேன், எல்லாரையும்விட மோசமாக. இரண்டு மாதத்தில் உயிரெழுத்துகள் முடிந்து மெய்யெழுத்தில் பாதி வந்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தது அந்த இரண்டு மாதம்தான் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் செய்ததெல்லாம் உத்தியோகம்.

மூன்றாவது மாதம் இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். பொங்கலுக்குள் அந்த ஊரைக் கைநாட்டு இல்லாத ஊர் என்று அறிவிக்க வேண்டும். "இப்படி ஒவ்வொரு எழுத்தா நொண்டிக்கிட்டிருந்தா எப்பம்மா முடியும்? மொதல்ல எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். மத்தது அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நானும் சரி என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேச வேண்டுமென்று தோன்றக்கூட இல்லை.

பாண்டியை நிறுத்திவிட்டுப் பெயர் ஆட்டம் கொண்டுவந்தேன். எல்லார் பெயரின் எழுத்துகளையும் அட்டையில் எழுதிக் குலுக்கிக் கொட்டுவது. தன் பெயரை முதலில் பொறுக்கி அடுக்கி, அதைப் பார்த்துச் சிலேட்டில் எழுதுகிறவள் ஜெயித்தவள். அஞ்சலை அக்காவை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. அ, ஞ், ச, லை. நாலே அட்டை. 'ஞ' மட்டும் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். "கால மடிச்சி குந்திக்கினு இருக்கிற பொம்பள மாதிரியே கீது, பாரேன்" என்பாள். கொஞ்ச நாளில் அட்டையே வேண்டியிருக்கவில்லை. மூச்சு விடாமல் ஓர் இழுப்பில் எழுதிவிடுவாள். ஆனால் அந்த 'ச'வை எடுத்து வேறொரு வார்த்தைக்குள் வைத்தால் விழிப்பாள். எனக்கு அது தெரியும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒருங்கிணைப்பாளர் அச்சடித்த சான்றிதழ்களைக் கட்டாகக் கொண்டுவந்தார். 'இவர் எழுதவும் படிக்கவும் கற்றுத் தேர்ந்தார்.' கீழே தொண்டர் கையொப்பம். முப்பத்திரண்டிலும் ஒரே உட்காரலில் கையெழுத்துப் போட்டேன். கை வலித்தது, பெருமையாகவும் இருந்தது. விழாவில் கைநாட்டு வைக்கிற மைப் பெட்டியைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். எனக்கு ஒரு சில்வர் தட்டு கொடுத்தார்கள். அந்தக் கோடையோடு இயக்கத்தின் வேலையும் முடிந்தது. அதற்கடுத்த வருஷம் எனக்கு எங்கள் மாவட்டத்திலேயே அனந்தபுரம் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. "அப்புறம்" என்று சொன்ன அந்த மிச்ச எழுத்துகளுக்கு நான் திரும்பிப் போகவேயில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து அஞ்சலை அக்கா என் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது.

நடந்தது இதுதான். நாலு வழிச் சாலை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதும், புருஷனின் தம்பி அவளிடம் வந்து, விதவைப் பென்ஷனுக்கு எழுதிப் போட வேண்டும் என்று ஒரு பத்திர ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். ரேகையை எல்லாரிடமும் உருட்டுவார்கள், அது வழக்கம். ஆனால் கைநாட்டு வைக்கிறவர்களுக்கு, எழுதினதைப் படித்துக் காட்டினேன் என்று பத்திரம் எழுதுகிறவர் ஒரு வரி சேர்க்க வேண்டும். அங்கே பத்திரம் எழுதிய வயசானவர் அவளிடமும் கேட்டிருக்கிறார்.

"ஏம்மா, கைநாட்டா? படிச்சுக் காட்டணுமா?"

அஞ்சலை அக்கா பேனாவை வாங்கி ஓர் இழுப்பில் போட்டுவிட்டாள். அவர் புன்னகைத்து, 'படித்துப் பார்த்துச் சம்மதித்து' என்று எழுதிக்கொண்டார். நாற்பது சென்ட்டும் தனக்கு வேண்டாம் என்று அவள் கொழுந்தனுக்கு விட்டுக்கொடுத்த பத்திரம் அது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நீ வந்து சொல்லணும் டீச்சரு. ஒனக்குத்தான தெரியும்" என்றாள். விழுப்புரம் கோர்ட்டில் வழக்கு. நான் வருகிறேன் என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சான்றிதழை வைத்திருந்தார். அவள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாளாம். கொழுந்தன் கழற்றிக் கொண்டுவந்துவிட்டான். முந்தின நாள் விஷயத்தைச் சொல்லி விடுப்புக் கேட்டபோதே என் தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். "பொய்ச் சான்று கொடுத்தேன்னு கோர்ட்ல நீயே ஒத்துக்கிட்டா, வேலைக்கே வேட்டு. யோசிச்சுக்கோ." என் மகளுக்கு அப்போது மூன்று வயது. கணவருக்கு நிரந்தரமான வேலை இல்லை. இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. அன்று என் தலைக்குள் இருந்தவை இவை, அவ்வளவுதான்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"இதுல எழுதியிருக்கிறது உண்மையா?"

அஞ்சலை அக்கா சுவரோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். துவைத்து மடித்த புடவை கட்டி, தலையில் பூ வைக்க முடியாததற்குப் பதிலாக எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள்.

"உண்மைதாங்க" என்றேன்.

அதற்குமேல் வக்கீல் எதுவும் கேட்கவில்லை. சாட்சிக் கூண்டிலிருந்து கீழே இறங்கினேன். வெளியே வேப்பமரத்தடியில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அடிப்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உடு டீச்சரு. ஒனக்கும் பொழப்பு கீது இல்ல" என்றாள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "பெரும பீத்திக்கினு போட்டது நானுதான" என்றாள்.

வழக்கு தோற்றுப்போனது. அந்த நாற்பது சென்ட்டில் இப்போது ஒரு பெரிய ஓட்டல். கார்கள் வரிசையாக நிற்கின்றன. நாங்கள் பாண்டி ஆடிய களத்தின்மேல் சாலை போகிறது. காலனியை உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு பேரில் எத்தனை பேர் இருக்கிறார்களோ தெரியாது. சிலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதாகக் கேள்வி. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ்ஸில் நான் எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் திண்டிவனம் பஸ் நிலையத்தில் அவளைக் கடைசியாகப் பார்த்தேன். வெள்ளரிப் பிஞ்சு விற்று முடித்த காலிக் கூடையோடு நின்றிருந்தாள். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போகிறாளாம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். எத்தனையோ வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். முடிக்க விடவில்லை அவள். பஸ் ஒன்று உறுமிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றது. முன்கண்ணாடிக்கு மேலே, கொட்டை எழுத்தில் பலகை.

அவள் அதை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"இது விழுப்புரந்தானா பாத்துச் சொல்லு, டீச்சரு."

விழுப்புரம்தான் என்றேன். சரியென்று ஏறிப் போய்விட்டாள்.