தங்கக் கரை போட்ட தட்டு

அம்மா பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் எங்கள் வீட்டுக்கு மைக்ரோவேவ் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதைத் தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி எல்லைப் பாலத்தைக் கடந்து, மூன்று மாடி சுமந்து வந்து இறக்கினார். வந்ததும் அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். பொட்டு விழுந்த இடம் சரியாகக் கதவு திறக்கும் பட்டன். அதனால் முதல் வாரம் முழுக்க வீட்டில் எல்லார் விரலும் சிவப்பாகவே இருந்தது.

ஆடம்பரத்துக்காக வந்ததல்ல அது. அம்மா வேலைக்குப் போக அப்பா போட்ட நிபந்தனைக்காக வந்தது.

"பிள்ளைங்க அடுப்புப் பக்கம் போவக்கூடாது. ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா வேலைய விட்றணும்" என்று அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் சிறுவனாக இருந்தபோது, பெரியவர்கள் பால் மரம் வெட்டப் போயிருந்த நேரத்தில், அவருடைய தங்கை சோறு வடிக்கப்போய்க் கொதிக்கிற கஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டார். அத்தையின் கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அத்தை வரும்போதெல்லாம் அப்பா அந்தக் கையைப் பார்க்காமல்தான் பேசுவார்.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. நாங்கள் பள்ளியிலிருந்து வரும்போது மணி ஒன்றரை. துறைமுகத்தில் லாரி ஓட்டும் அப்பா மூன்று மணிக்கு வருவார், அம்மா நாலு மணிக்கு. நடுவே ஒன்றரை மணி நேரம் வீட்டில் என் ஆட்சி.

மாமா விதிகளை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். முட்டையை ஓட்டோடு வைக்காதே. மூடியை இறுக்கி மூடாதே. எடுத்ததும் வாயில் போடாதே, கிளறிவிட்டுக் கொஞ்சம் பொறு. உள்ளே பொறி பறந்தால் கதவைத் திறக்காதே, சுவரில் இருக்கும் சுவிட்சை அடை. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில், சில்வர் பாத்திரம் கூடவே கூடாது. தேவாரப் போட்டிக்குப் போகிறவள்போல அத்தனையையும் நான் மனப்பாடம் செய்தேன்.

இதில் பெரிய எழுத்து விதிதான் எங்களுக்கு இடி. எங்கள் வீட்டில் சில்வர் இல்லாத பாத்திரம் எது? சோற்றுக் குண்டானிலிருந்து தம்பியின் கிண்ணம் வரை, எல்லாமே அம்மாவின் கல்யாணத்துக்கு வந்து, கொடுத்தவர் பெயர் வெட்டிய சில்வர். மாமா அதையும் யோசித்து மைக்ரோவேவில் வைக்கிற பிளாஸ்டிக் டப்பா வாங்கி வந்திருந்தார். ஒரே ஒரு டப்பா.

ஒரு வியாழக்கிழமை, அம்மா அவசரத்தில் அந்த டப்பாவில் தன் சோற்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் சோறும் பருப்புக் குழம்பும் சில்வர் கிண்ணங்களில் இருந்தன. தம்பி பசிக்கிறது என்று தரையில் படுத்து உருள ஆரம்பித்தான். சும்மா சொல்லக்கூடாது, உருளுவதில் அவன் கெட்டிக்காரன். நான் யோசித்தேன். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் ஆறு பீங்கான் தட்டுகள் இருந்தன. விருந்தாளிகளுக்கென்று வைத்து, எந்த விருந்தாளிக்கும் எடுக்காத தட்டுகள். வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் தங்கக் கரையோடு. சில்வர்தானே கூடாது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, நாற்காலி போட்டு ஏறி ஒன்றை எடுத்தேன். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி இரண்டு நிமிடம் வைத்தேன்.

பத்து வினாடிகூட ஆகியிருக்காது. உள்ளே சடசடவென்று சத்தம். தட்டின் கரை நெடுகப் பொறி ஓடியது.

"அக்கா, தீவாளி!" என்று தம்பி கைதட்டினான்.

என் கை முதலில் கதவுப் பக்கம்தான் போனது. அதற்குள் தாள் ஞாபகம் வந்து, சுவர் சுவிட்சை அடைத்தேன். தம்பியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வரவேற்பறைக்கு ஓடினேன்.

அங்கே உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அம்மாவின் வேலை போனது. வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அம்மா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பாடுவார். அதுவரை அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. இனி பாடமாட்டார், அதுவும் என்னால், என்று நினைத்ததும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

மூன்று மணிக்கு அப்பா வந்தார். கருகல் வாடையே அவருக்குப் பாதியைச் சொல்லியிருக்கும். மீதியை நான் விம்மிக்கொண்டே சொன்னேன். அவர் தட்டை வெளியே எடுத்துக் கருத்துப்போன கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கதவத் தொறந்தியா?"

"இல்லப்பா. சுவிட்ச அடைச்சிட்டு தம்பிய இழுத்துக்கிட்டு ஓடிட்டேன்."

அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்து, முழங்கை வரை புரட்டிப் பார்த்தார். பிறகு தம்பியின் கைகளை. கீழே கடைக்குப் போய் எங்களுக்குச் சாப்பிட ரொட்டி சானாய் வாங்கி வந்தார். திட்டாத அப்பாவைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அம்மா வந்ததும் மேசைமேல் இருந்த தட்டைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. நடந்ததை அப்பா சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டார். பிறகு சட்டையிலிருந்த பெயர் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் நின்னுர்றேங்க" என்றார் மெதுவாக.

"நான் கேட்டேனா?" என்றார் அப்பா. "தங்கக் கரையும் அதுக்குள்ள ஆவாதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா என்னா செய்யணும்னு பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு லா. ஒன் தம்பி வந்து பாக்குற வரைக்கும் அந்தப் பொட்டிய யாரும் தொட வேணாம்." பிறகு, "நாளைக்கு பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"அஞ்சே முக்காலுக்கு."

"சரி, நான் எழுப்பி விடுறேன்."

அம்மா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அழுகைச் சத்தம் கேட்டது. எனக்குத் தாங்கவில்லை. கதவருகே போய், "அம்மா, நான் பெருசானதும் அதே மாதிரி தட்டு வாங்கித் தர்றேம்மா" என்று சொன்னேன்.

உள்ளே அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து கேட்டது. அந்தத் தட்டின்மேல் அம்மாவுக்கு அவ்வளவு ஆசை என்றுதான் நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.